பூந்திக்கொட்டையும் போர் தண்ணீரும்



சில மாதங்களாக உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. 'துணி துவைக்கிற பவுடரையும் லிக்விடையும் வீட்டிலேயே தயாரிக்கலாம் என்கிறார்களே, செய்யலாமா? நல்ல செய்முறை ஒன்று போடுங்களேன்!'

நியாயமான கேள்வி. மாத மளிகை லிஸ்ட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு அடுத்து நம்மைப் பெருமூச்சு விடவைப்பது சோப்பு, பவுடர் வகையறாதான். பிள்ளைகளின் யூனிஃபார்ம், ஆபீஸ் சட்டை, படுக்கை விரிப்பு, கரித்துணி என்று எல்லாம் சேர்ந்தால், வாங்கிய பாக்கெட் மாதக் கடைசிவரை வருவதில்லை. விலை ஏறவில்லையே என்று சந்தோஷப்பட்டுப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், எடை குறைந்திருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கவலையே வேறு. துணியில் மூன்று நாள் தங்குகிற அந்த வாசனை குழந்தையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா? தினமும் துவைத்துத் துவைத்து விரலிடுக்கில் தோல் உரிந்து எரிச்சல் வந்தவர்கள் நம் வாசகிகளில் எத்தனை பேர்!

ஒரு செய்முறையை அரைப்பக்கத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே செய்முறை இதில் கிடையாது. சாம்பாருக்குப் புளியின் அளவு வீட்டுக்கு வீடு மாறுவதுபோல, இதுவும் மாறும். மாற்றுவது உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர். அதைப் பற்றிப் பேசாமல் செய்முறை சொல்வது உங்கள் துணிக்கும் காசுக்கும் நல்லதில்லை. அதனால்தான் இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

வீட்டில் தயாரிப்பதை யாரும் கேலியாகப் பார்க்க வேண்டியதில்லை. இந்தியாவில் மிகப் பெரிய அளவில் விற்ற வாஷிங் பவுடர்களில் ஒன்று ஒரு வீட்டில் பிறந்ததுதான். அகமதாபாத்தில் அரசு வேலையில் இருந்த கர்சன்பாய் படேல் என்ற வேதியியல் பட்டதாரி, 1969-ல் தன் வீட்டிலேயே மஞ்சள் நிறப் பவுடரைக் கலந்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். தன் மகள் நிருபமாவின் பெயரைத்தான் அதற்கு 'நிர்மா' என்று சுருக்கி வைத்தார். 1959-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட சர்ஃப் அப்போது வசதியான வீடுகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். நிர்மாவின் விலை அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பார் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோயிருந்த லட்சக்கணக்கான வீடுகளுக்கு அந்த விலைதான் கதவைத் திறந்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், அவர் வேதியியல் படித்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். எதை எதோடு எவ்வளவு சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கலந்தார். நாமும் கொஞ்சம் தெரிந்துகொண்டு இறங்குவோமே.

பாக்கெட் வருவதற்கு முன்னால் நம் ஊர்களில் எதை வைத்துத் துவைத்தார்கள்? ஏரி, ஆற்றோரங்களில் வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும் உவர்மண்ணைச் சலவைத் தொழிலாளர்கள் அள்ளிவந்தார்கள். அந்த மண்ணில் இருக்கிற சோடா உப்புதான் அழுக்கை எடுத்தது. உவர்மண் கரைசலில் நனைத்த துணியை வெள்ளாவிப் பானையில் அடுக்கி, கீழே நெருப்பு மூட்டி, ஆவியில் வேகவைத்தார்கள். எத்தனை நுட்பமான வேலை அது! காரம், சூடு, நேரம் மூன்றும் சரியாக அமைந்தால்தான் வெள்ளை வேட்டி வெள்ளையாக வரும். அந்த அறிவுக்கு நம் சமூகம் கொடுத்த மரியாதையும் கூலியும் மிகக் குறைவு என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பட்டுக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டை இருந்தது. இன்றைக்கும் பொற்கொல்லர் பட்டறைகளில் நகையைத் துலக்க அதைத்தான் ஊறவைக்கிறார்கள்.

சரி, இப்போது தண்ணீருக்கு வருவோம்.

சோப்பு வேறு, டிடர்ஜென்ட் வேறு. எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்ந்து உருவாவது சோப்பு. டிடர்ஜென்ட் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வருவது. இரண்டுமே அழுக்கைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் கரைப்பவைதான். ஆனால், உப்புத் தண்ணீரைக் கண்டால் சோப்பு தடுமாறிவிடும். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர்; அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவற்றோடு சோப்பு சேர்ந்ததும் பால் திரிந்த மாதிரி ஒரு படிவம் உண்டாகும். நீங்கள் போட்ட சோப்பில் பாதி அதற்கே செலவாகிவிடும். அந்தப் படிவம் துணியின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பதினைந்து முறை துவைத்தபின் வெள்ளை பனியன் சாம்பல் நிறமாகி, துண்டு மொரமொரவென்று ஆகிறதல்லவா? அதன் காரணங்களில் முக்கியமானது இந்தப் படிவம். டிடர்ஜென்ட் இப்படி எளிதில் திரியாது. கடினத் தண்ணீர் இருக்கும் ஊர்களில் அது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. நம் ஊர்களில் பல ஆழ்துளைக் கிணறுகள் இந்த 600-ஐயும் தாண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு.

மூடியுள்ள ஒரு பாட்டிலில் பாதி அளவு குழாய்த் தண்ணீர் எடுங்கள். குளியல் சோப்பின் உறையில் 'டிஎஃப்எம் 76 சதவீதம்' (சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு) என்பது போல அச்சிட்டிருக்கும். அப்படிப்பட்ட உண்மையான சோப்பிலிருந்து இரண்டு சீவல் சீவிப் போட்டு, நன்றாகக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்று, அடியில் தண்ணீர் தெளிவாக இருந்தால் உங்களுடையது மென்மையான தண்ணீர். நுரை வராமல், தண்ணீர் பால் மாதிரி கலங்கித் திரிதிரியாக மிதந்தால் கடினத் தண்ணீர். ஐந்து நிமிட வேலை. இந்த மாத இதழிலிருந்து வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்து பாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இணையத்தில் அதிகம் சுற்றும் செய்முறை இதுதான்: பார் சோப்பைத் துருவி, சலவை சோடாவும் வெங்காரமும் கலந்து டப்பாவில் போட்டு வைப்பது. அமெரிக்கக் குடும்பங்களில் பல காலமாகப் புழங்கும் செய்முறை அது. மென்மையான தண்ணீர் வரும் ஊரில், வெந்நீரில் துவைக்கும் வழக்கத்தில் அது ஓரளவு வேலை செய்யும். நம் வீட்டுக் குளிர்ந்த போர் தண்ணீரில் துருவிய சோப்பு முழுதாகக் கரையவே கரையாது. முதல் ஒரு மாதம் 'ஆகா, பரவாயில்லையே' என்று இருக்கும். படிவம் மெதுவாகச் சேர்ந்து, மூன்றாவது மாதம் துணியில் ஒரு பிசுக்கு வாடை வரும். வாஷிங் மெஷினின் உள்டிரம்மிலும் குழாயிலும் அதே படிவம்தான். மெஷினைச் சரிசெய்ய ஆகும் செலவில் எத்தனை பாக்கெட் பவுடர் வாங்கலாம்?

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, நமக்கு நெருக்கமான விதிவிலக்கு. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு கடினத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். கப்பல்களில் கடல் தண்ணீரில் குளிக்கவும் துவைக்கவும் ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெய் சோப்பைத்தான் எடுத்துப்போனார்கள். சோப்பு வைத்துத்தான் துவைப்பேன் என்பவர்கள், கன்னியாகுமரிப் பக்கமோ பொள்ளாச்சிப் பக்கமோ சொந்தக்காரர்கள் இருந்தால், நல்ல தேங்காய் எண்ணெய் சோப்பாக வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

நான் மனதாரப் பரிந்துரைப்பது பூந்திக்கொட்டையைத்தான். பூவந்திக்கொட்டை என்றும் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மலைப்பகுதி மக்கள் சிறுவன மகசூலாகச் சேகரித்து விற்கும் பொருள் அது. நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்காவது அவர்களுக்குப் போகும். அதன் தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதுதான் நுரையும் தரும், அழுக்கையும் எடுக்கும். அது கடினத் தண்ணீரில் சோப்பைப் போலத் திரிவதில்லை. போர் தண்ணீர் வீடுகளுக்கு அதனால்தான் இது ஒத்துப்போகிறது.

செய்வது சுலபம். உள்ளே இருக்கும் கறுப்புக் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள். 100 கிராம் தோலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இரவு ஊறப்போட்டு, காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். பாதிக்கு மேல் நிரப்பினால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தேன் நிறத்தில் ஒரு கஷாயம் கிடைக்கும். பிழிந்த சக்கையை இன்னொரு முறை கொதிக்கவைத்தால் கொஞ்சம் நீர்த்த கஷாயமும் வரும். அது பாத்திரம் தேய்க்கவும் தரை துடைக்கவும் ஆகும்.

ஒரு பக்கெட் துணிக்கு அரை டம்ளர் போதும். அரை மணி ஊறவைத்துக் கசக்கி அலசுங்கள். பட்டுப் புடவை, கம்பளி, கைத்தறிப் புடவை, குழந்தையின் ஜபலா, ஒருமுறை கட்டிக் களைந்த சுங்குடிச் சேலை, இதற்கெல்லாம் இதைவிட இதமான பொருளை நான் பார்த்ததில்லை. பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவை. காரமான பவுடர் அந்த இழையைத் தின்னும். புரதக் கறையைக் கரைப்பதற்காக என்சைம் சேர்த்த பவுடர் கறையோடு பட்டையும் பதம்பார்க்கும். பூந்திக்கொட்டையில் அந்த இரண்டு பயமும் இல்லை. நுரை மிதமாக இருப்பதால் முன்பக்கக் கதவு வைத்த மெஷினிலும் அளவாக ஊற்றிக்கொள்ளலாம்.

நான்கைந்து தோலைச் சின்னத் துணிப்பையில் கட்டி மெஷினுக்குள் போடச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். வெந்நீரில் துவைக்கும் நாடுகளுக்கு அது சரிப்படும். குளிர்ந்த தண்ணீரில் தோலிலிருந்து சபோனின் இறங்கவே நேரமாகிவிடும், அதற்குள் மெஷின் அலசி முடித்துவிடும். நமக்குக் கஷாயம்தான் சரி.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கஷாயம் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துக்கொண்டால் வேண்டும்போது இரண்டு கட்டி எடுக்கலாம். கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். காய்ந்த தோலை மிக்ஸியில் பொடிப்பவர்கள் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், தும்மல் நிற்காது. முக்கியமாக, மெக்கானிக் சட்டையின் கிரீஸ், கரித்துணியின் எண்ணெய்ப் பிசுக்கு, வியர்வை ஊறிய காலர், பிள்ளைகளின் வெள்ளை யூனிஃபார்ம் ஆகியவற்றுக்கு இது போதாது. பூந்திக்கொட்டையே எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பி, பள்ளிக்குப் போகும் பிள்ளையை மங்கலான சட்டையோடு அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று. பூந்திக்கொட்டைத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். மீன் இருக்கும் குளத்திலோ தொட்டியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். சபோனின் மீனுக்கு நஞ்சு. இயற்கையானது என்பதாலேயே எல்லா உயிருக்கும் நல்லது என்று ஆகிவிடுமா?

அப்படியானால் அழுக்குத் துணிக்கு என்ன செய்வது? கடைப் பொருளையே வாங்குங்கள், ஆனால் குறைவாகப் போடுங்கள். இங்கே உதவிக்கு வருவது சலவை சோடா. தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்து அடியில் படியவைத்து, தண்ணீரை மென்மையாக்கிவிடும். லிக்விட் டிடர்ஜென்ட் வாங்கும் வீடுகளுக்கு இது நல்ல துணை. ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சலவை சோடாவைக் கரைத்து, ஐந்து நிமிடம் கழித்து, வழக்கமாக ஊற்றும் லிக்விடில் பாதியை ஊற்றிப் பாருங்கள். பருத்தித் துணிக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் தெரியும். பட்டு, கம்பளி பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோக வேண்டாம். பவுடர் வாங்குபவர்களுக்கு இது தேவையில்லை. அநேகமாக எல்லாப் பவுடரிலும் சோடா ஏற்கெனவே இருக்கிறது. விலை மலிவான பவுடரில் அதன் பங்கு அதிகம், கை எரிவதற்கு அதுவே பெரிய காரணம். அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம், இரண்டு கரண்டி போடும் இடத்தில் ஒரு கரண்டியால் தொடங்கிப் பார்ப்பதுதான்.

பேக்கிங் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் துணி பளிச்சென்று ஆகும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. கலந்ததும் பொங்குவதைப் பார்த்து நாமும் மயங்கிவிடுகிறோம். ஒன்று காரம், இன்னொன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தீர்ந்துபோன பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். காசு வீண், அவ்வளவே.

'சோடா' என்ற பெயரில் நம் வீட்டுக்குள் வரும் வெள்ளைப் பொருட்கள் மூன்று. ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடா, துணிக்குப் போடும் சலவை சோடா, சோப்பு காய்ச்சும் காஸ்டிக் சோடா. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவதை நாம் சாப்பிடுகிறோம். இரண்டாவது வாயில் பட்டால் புண்ணாக்கும். மூன்றாவது சதையை அரிக்கும். ஒரு குழந்தை அதைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் வெந்து, பல வருடங்கள் மருத்துவமனைக்கு அலைய நேரிடும். உயிரே போகலாம். சலவை சோடாவைக் கூடச் சமையல் அலமாரியில் வைக்காதீர்கள். எதையும் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். டப்பாவில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள், கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது சுட்ட பொருள் வரும்போதும் சுடும். உடனே 108-ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

தீபாவளிப் பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயில் சோப்பு காய்ச்சலாமா என்றும் பலர் கேட்டிருக்கிறீர்கள். எண்ணம் நல்ல எண்ணம். சிங்க்கில் ஊற்றிக் குழாயை அடைப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால், ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவையான காஸ்டிக் சோடாவின் அளவு வேறு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் தேவை. அதே ஒரு கிலோ சூரியகாந்தி எண்ணெய்க்கு 135 கிராம் அளவில் போதும். தேங்காய் எண்ணெய்க்கான அளவை வீடியோவில் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெயில் அப்படியே கொட்டினால் என்ன ஆகும்? நாற்பது கிராமுக்கு மேல் காஸ்டிக் சோடா அந்த சோப்பிலேயே மிச்சமிருக்கும். அதைத்தான் கையில் பிடித்துத் தேய்ப்பீர்கள். எடை பார்க்கும் தராசு, கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம், கற்றுக்கொடுக்க ஆள், இவ்வளவும் இருந்தால் செய்யுங்கள். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

கடைகளில் 'லிக்விட் தயாரிக்கும் கிட்' என்று விற்கிறார்களே, அதற்கும் இதே எச்சரிக்கை. சென்னை பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் 'ஆசிட் ஸ்லரி' என்று கேட்டால் ஒரு கெட்டியான பழுப்பு திரவம் தருவார்கள். டிடர்ஜென்ட்டின் உயிரே அதுதான். அதற்கான மூலப்பொருள் நம் மணலியிலேயே ஆலையில் தயாராகிறது. பெயரிலேயே ஆசிட் இருக்கிறது பாருங்கள். சோடா கரைசலில் சேர்க்கும்போது சூடேறிப் பொங்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாத பொருள். நம் ஊர்களில் எத்தனையோ மகளிர் சுய உதவிக் குழுக்கள் முறையாகப் பயிற்சி எடுத்து, இதை வைத்துப் பவுடரும் லிக்விடும் தயாரித்து விற்கிறார்கள். பிழைப்புக்கு ஒரு தொழில் தேடும் வாசகிகள் தாராளமாக அந்தப் பயிற்சிக்குப் போகலாம். வீட்டுத் தேவை மட்டும் என்றால், அந்தப் பெண்களிடமே வாங்கிவிடலாமே. காசும் மிச்சம், உங்கள் சமையலறையில் ஆசிட்டும் வேண்டாம்.

கிட்டில் செய்த லிக்விட் கெட்டியாகவும் நுரை நுரையாகவும் வருவதைப் பார்த்துப் பலருக்கும் திருப்தி. நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அழுக்கை எடுப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் டிடர்ஜென்ட். நுரை அதன் மேலே மிதப்பது மட்டும்தான். நுரை கூடினால் அலசும் தண்ணீரும் கூடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, சென்னைவாசிகள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது நினைவிருக்கிறதல்லவா? அந்த நாட்களில் ஒரு பக்கெட் அலசல் மிச்சமானால் அது எவ்வளவு பெரிய விஷயம்! அதே வருடம் டிசம்பர் தொடக்கத்தில், மழைக்குப் பிறகு மெரினா கடற்கரை நெடுகிலும் வெள்ளை நுரை படர்ந்தது. பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரும் அதில் கலந்துவந்த டிடர்ஜென்ட்டும்தான் அந்த நுரை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் நுரை பொங்கிப் போவதையும் செய்திகளில் பார்க்கிறோம். அதில் ஆலைக் கழிவுக்கும், சுத்திகரிப்பு நிலையங்களைச் சரியாக நடத்தாதவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்களைக் கேள்வி கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது. நம் வீட்டுச் சாக்கடையும் அந்த வழியாகத்தான் போகிறது என்பதும் உண்மை.

கடைசியாக, செய்முறைகளில் யாரும் எழுதாத ஒரு பொருளைப் பற்றி. நேரம்.

வீட்டில் தயாரித்தால் மாதம் இவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். கொட்டையை உடைப்பது யார்? ஊறவைப்பது, கொதிக்கவிடுவது, பிசைவது, வடிகட்டுவது, பொங்கி வழிந்த அடுப்பைத் துடைப்பது யார்? காலையில் டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கும் ஓடும் ஒரு பெண்ணின் தலையில் 'ஆரோக்கியம்', 'சிக்கனம்' என்ற பெயரில் இன்னொரு வேலையைச் சுமத்துவதாக இருந்தால் எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த வீட்டுக்குக் கடைப் பவுடர்தான் சரியான தேர்வு. அதைப் பற்றி அவர் துளியும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. மாமியாரோ நாத்தனாரோ 'நாங்களெல்லாம் அந்தக் காலத்தில்...' என்று தொடங்கினால், இந்தப் பக்கத்தை நீட்டுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்திக்கொட்டை உடைப்பதும் கொதிக்கவிட்டு வடிகட்டுவதும் உங்களால் முடியாத வேலையா? பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் குலுக்கும் சோதனையை அவர்களிடமே விடுங்கள். தண்ணீர் ஏன் கலங்குகிறது என்று அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பட்டுப் புடவையை யார் அலசுவது என்பதையும் அன்றைக்கே பேசி முடிவு செய்துவிடலாம்.

உங்கள் ஊரின் பெயர், குழாய்த் தண்ணீரா போர் தண்ணீரா, பாட்டில் சோதனையில் என்ன வந்தது, வீட்டில் எதை வைத்துத் துவைக்கிறீர்கள் என்ற விவரங்களை ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். பாட்டி சொன்ன பக்குவம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். உவர் பூமிக்காரர்களும் கடலோரத்துக்காரர்களும் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. வருகிற கடிதங்களை ஊர்வாரியாகத் தொகுத்து, அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்